பூட்ஸ் இங்கே வாங்குறதா, அங்கே வாங்குறதா

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுறது. நான் சுகமா இருக்கேன். ரெண்டு பேரும் சுகம்னுதான் வழக்கமா முதல் வரியில எழுதுவேன், இன்னைக்கு அப்படி எழுதப் போனா கை ஓடலை, அதனால என்னைப் பத்தி மட்டும் எழுதிட்டேன். உங்க அப்பா கதையை முழுசாப் படிச்சுட்டு அவர் சுகமா இல்லையான்னு நீயே முடிவு பண்ணிக்கோ, எனக்குத் தெரியலை. பயந்துடாதே, ஆள் நடமாடுறார், வேளாவேளைக்குச் சாப்பிடுறார், என்கூடச் சண்டை போடுறார், அதுலெல்லாம் ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாம இருக்கீங்களா. குட்டிக்கு முன்பல்லு விழுந்த போட்டோவைக் கடைக்கு வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் காட்டியாச்சு, ஜிப் மாத்த வந்த ஒரு பொம்பளை அப்படியே உங்க ஜாடைன்னு சொல்லிட்டுப் போனா, பொக்கை வாயைப் பாத்துட்டுல்ல என் ஜாடைன்னு சொல்லியிருக்கான்னு அவ போனப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

இதைப் போன்ல சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. எங்கே சொல்றது, உன் போன் வந்த உடனே ஸ்பீக்கரைப் போட்டுட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துக்கறார், நான் அடுப்படிக்குப் போனா அடுப்படிக்கு வர்றார், பால்கனிக்குப் போனா பால்கனிக்கு வர்றார். கடையிலேர்ந்து பேசலாம்னா ஆளுங்க நிக்கிறாங்க, ஒருத்தர் பேண்ட்டை மடிச்சு ஊசி குத்திக்கிட்டே அழுதுக்கிட்டுப் பேச முடியுமா. கீழ்வீட்டு அக்காவோட தம்பி உங்க பக்கம் கிளம்புறான்னு தெரிஞ்சதும் பேப்பரை எடுத்துட்டேன். கடையில துணி வெட்டற மேஜைமேல வச்சுத்தான் எழுதுறேன், நடுநடுவுல யாராவது வந்துடறாங்க, எழுத்து கோணலாப் போனா கண்டுக்காதே.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. அப்பா பனிச்சறுக்கு பூட்ஸை அங்கேயே வாங்கிக் கொண்டுவந்துடறாரா, இல்லை இங்கே வந்ததும் நான் கடைக்குக் கூட்டிட்டுப் போய் வாங்கித் தரட்டுமா, ரெண்டுல ஒண்ணைச் சீக்கிரம் சொல்லுங்கன்னு. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் துப்பில்லாம ஒரு வீடே திண்டாடிப் போச்சுன்னா நம்புவியா. குட்டியோட சறுக்கு வகுப்பு முடியற நாள்ல பிள்ளைங்க எல்லாம் வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சின்ன மேட்டுலேர்ந்து சறுக்கி வருவாங்களாமே, தாத்தா, அம்மா வேண்டாம் அப்பா வேண்டாம், நீதான் என்கூட வரணும்னு அவ போன்ல சொன்னாளோ இல்லையோ, உங்க அப்பா அப்புறம் தரையில நடக்கலை. இத்தனை வருஷமா ஊரார் பிள்ளைங்களை ஸ்கூல் வேன்ல ஏத்தி இறக்கினவர், சொந்தப் பேத்தி கையைப் பிடிச்சு ஒரு தெருவைக் கூடத் தாண்டினதில்லை, அந்த ஏக்கம் அவருக்கு உண்டு, வாயைத் திறந்து சொல்ல மாட்டார். பெட்ரோல் போடுறவன்கிட்ட சொல்லியாச்சு, ஸ்கூல் வாட்ச்மேன்கிட்ட சொல்லியாச்சு, வேன்ல வர்ற வாண்டுங்க எல்லாம் அண்ணே பனியில விழுந்தா வலிக்குமான்னு கேட்டுக் கேட்டுத் துளைக்குதுங்களாம். நான் வரலைன்னு அன்னைக்கே உன்கிட்ட சொல்லிட்டேன், யூனிபார்ம் சீசன்ல கடையைப் பூட்டினா வர்ற வருஷம் ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, அதோட விமானம்னாலே எனக்கு வயத்தைக் கலக்குது. அவர் மட்டும் வர்றதாத்தான் பேச்சு, ஞாபகம் இருக்குல்ல.

சரி, பூட்ஸுக்கு வர்றேன். முதல்ல மாப்பிள்ளை, வாடகைக்கே கிடைக்கும் மாமா எதுக்கு வாங்கணும்னார். வீட்டை வாடகைக்கு எடுக்கலாம், சைக்கிளை எடுக்கலாம், எவனோ போட்டுக் கழட்டின ஈரத்துல நான் காலை விடணுமான்னு உங்க அப்பா முகத்தைச் சுளிச்சுட்டார், இதை மாப்பிள்ளைகிட்ட சொல்லி வைக்காதே. அப்புறம் நீ, அங்கே வாங்கினா கடைக்காரர் காலை அளந்து, பூட்ஸுக்குள்ளே இருக்கற மெத்தையைச் சூடு பண்ணி, கால் வடிவத்துக்கே உக்கார வச்சுத் தருவார், ஆனா விலைதான் கொஞ்சம் கூடன்னே. இங்கே மார்க்கெட்டுக்குப் பின்னாடி, ஏற்றுமதிக்குப் போய்த் திரும்பி வந்த சரக்கு விக்கிற கடையில பாதிக்கும் கீழே கிடைக்கும்னு கீழ்வீட்டு அக்கா சொன்னா. மட்டமான சரக்கா இருந்து நட்டநடு பனியில பிளந்துக்கிச்சுன்னா என்ன பண்றதுன்னு கேட்டேன், அங்கே விக்கிறதும் இதேதான், பெட்டி மட்டும்தான் வேறங்கறா. சரி வாங்கிடலாம்னா எடை. கல்லு மாதிரி கனக்குது, அதைப் பெட்டியில வச்சா குட்டிக்கு நான் தைச்சு வச்சிருக்கற கவுனெல்லாம் எங்கே வைக்கிறது. கால்ல போட்டுக்கிட்டே விமானம் ஏறிடறேன், யாரு என்ன கேக்கப் போறாங்கங்கறார் உங்க அப்பா.

அளவு அதைவிடக் கூத்து. அவர் செருப்பு ஒன்பது. மாப்பிள்ளை அனுப்பின வீடியோவுல ஒருத்தன் இருபத்தேழு இருபத்தெட்டுங்கறான், ஏன்டா மனுஷன் காலைச் சொல்றியா யானைக் காலைச் சொல்றியான்னு நான் போனைப் பாத்துக் கேட்டேன், அப்புறம் அது சென்டிமீட்டராம். கீழ்வீட்டு அக்கா, குளிருக்கு மூணு ஜோடி சாக்ஸ் போடணும் ஒரு அளவு பெரிசா வாங்குங்கங்கறா, வீடியோக்காரன் ஒரே ஒரு சாக்ஸ்தான், பெரிசா வாங்கினா தொலைஞ்சீங்கங்கறான். இறுக்கமா இருக்கணுமாம், ஆனா வலிக்கக் கூடாதாம். நேரா நின்னா விரல் முன்னாடி உரசணுமாம், முட்டியை மடக்கினா விரல் பின்னாடி வந்துடணுமாம், வரலைன்னா பூட்ஸ் தப்பாம், வந்தும் வலிச்சா கால் தப்பாம். துணி பிடிச்சாப் பிரிச்சு விடுவேன், தொளதொளன்னா உள்ளே பிடிச்சுத் தைப்பேன், என் தொழில்ல அவ்வளவுதான், எந்த இடத்துல பிடிக்குதுன்னு போட்டிருக்கறவங்க சொன்னாப் போதும். இந்தப் பூட்ஸ் விவகாரத்துல எனக்குத் தலையும் புரியலை வாலும் புரியலை. இங்கேன்னு முடிவு பண்ணிட்டுப் படுப்பேன், எழுந்திரிக்கும்போது அங்கேன்னு தோணும், பல் விளக்கி முடிக்கறதுக்குள்ளே வாடகையே மேல்னு இருக்கும்.

கடைசியில சும்மா போட்டாவது பாத்துட்டு வரலாம், அளவு தெரிஞ்சா அங்கே வாங்குறதுக்கும் ஆகும்னு ஒரு ஞாயித்துக்கிழமை அந்தக் கடைக்குப் போனோம். நுழைஞ்சா ரெண்டு பேர் நிக்க முடியாத கடை, தரையிலேர்ந்து கூரை வரைக்கும் பெட்டி. எங்களுக்கு முன்னாடி வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்புற பையன் ஒருத்தன் இதே பூட்ஸைப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தான், கடைக்காரர் மேல் கொக்கியை மாட்டினதும் அய்யோ கழட்டுங்கண்ணே செத்தேன்னு கத்தினான் பாரு, பக்கத்துக் கடையிலேர்ந்து எட்டிப் பாத்தாங்க. அடுத்தது உங்க அப்பா. நாலு கொக்கியையும் டக் டக்குன்னு பூட்டியாச்சு, மனுஷன் சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். எங்கேயாவது கடிக்குதா சார்ங்கறார் கடைக்காரர். ஒண்ணுமே இல்லையே, வீட்டுச் செருப்பு மாதிரி இருக்குங்கறார் இவர். அப்ப பெரிசா இருக்கும், ஒரு அளவு சின்னது பாருங்கன்னு எடுத்துக் குடுத்தார், அதுவும் வீட்டுச் செருப்பு மாதிரிதான் இருக்காம். அதைவிடச் சின்னதைத் தள்ளித் திணிச்சு மாட்டினாங்க, அதுவும் நல்லாத்தான் இருக்காம். மூணு அளவும் அளவா இருக்கற காலை நான் இந்தத் தொழில்ல பாத்ததே இல்லை, உங்களுது தங்கக் கால் சார்னு கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, அந்தச் சின்னப்பையனே அலர்றான், என் வீட்டுக்காரர் எப்படி நிக்கிறார் பாருங்கன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன், என் புத்தியை என்னன்னு சொல்றது. நடுவுல இருந்த அளவை எடுத்துக்கிட்டு வந்துட்டோம். அடியில கீறல் விழாம ஒரு வாரத்துக்குள்ளே கொண்டுவந்தா திருப்பி எடுத்துக்கறேன்னு கடைக்காரர் சொன்னார், அதனால இது முடிவில்லை, ஒத்திகைதான்னு சொல்லி உங்க அப்பா உன்கிட்டகூட மூச்சு விடலை.

கீறல் விழக் கூடாதே, அதுக்காக வீட்டுல இருக்கற பழைய போர்வை எல்லாத்தையும் ஹால்ல விரிச்சோம். சாயங்காலம் வேன் விட்டுட்டு வந்ததும் பூட்ஸை மாட்டிக்கிட்டு அதுமேல நடை. நடையா அது, ரெண்டு வாளிக்குள்ளே காலை விட்டுக்கிட்டு நடக்கற மாதிரி தொம் தொம்னு போறார், திரும்பத் தெரியாம சுவத்தைப் பிடிச்சுக்கறார், முட்டியை மடக்கிக் குனிஞ்சு கையை நீட்டி, வா குட்டி வா வான்னு கூப்பிட்டுப் பாத்துக்கறார். கீழ்வீட்டு அக்கா என்ன மாவு இடிக்கறீங்களான்னு கேக்க மேலே வந்தவ, இவரைப் பாத்துட்டுச் சிரிச்சு உக்காந்துட்டா. பகல்ல அந்தப் பூட்ஸ் ஹால்ல என் தையல் மெஷினுக்குக் கீழேதான் கிடக்கும். நான் அவசர வேலைய வீட்டுக்குக் கொண்டுவந்து தைக்கறது உனக்குத் தெரியுமே, அன்னைக்கு ஒரு கோட்டுக்கு லைனிங் போட உக்காந்தா நூல் சுத்தி வச்ச பாபினைக் காணோம். மேஜையெல்லாம் தடவறேன், டப்பாவைக் கொட்டறேன், காலையில இங்கேதானே வச்சேன், இப்படி யானை மாதிரி வீட்டை ஆட்டினா எது நிக்கும்னு அவரைத் திட்டறேன், அவர் பாட்டுக்கு தொம் தொம்னு நடந்துக்கிட்டே, உன் சாமானை உனக்கே பாத்துக்கத் தெரியலை, எனக்குச் சொல்ல வந்துட்டியான்னு நக்கல் பண்றார். நடந்து முடிச்சு, உக்காந்து, கொக்கியைக் கழட்டி, காலை வெளியே எடுத்தார். சாக்ஸ் அடியில சிவப்பா இருந்துச்சு. பூட்ஸைக் கவுத்தா பாபின் விழுந்துச்சு.

சின்னு, இரும்புப் பாபின். சாயங்காலம் பூரா அதைக் குதிகாலுக்கு முன்னாடி வச்சு மிதிச்சுக்கிட்டு நடந்திருக்கார். வட்டமாப் பதிஞ்சு, தோல் கிழிஞ்சு, ரத்தம் வந்து காயவும் ஆரம்பிச்சிருக்கு. ஏங்க உறுத்தலையான்னு கேட்டேன். அவர் அந்தப் பாபினைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார், அப்புறம் காலைப் பாத்தார், அடுத்த வீட்டுக்காரன் காலைப் பாக்கற மாதிரி பாத்தார். ஒண்ணும் தெரியலையேன்னார். அப்பத்தான் எனக்கு ஒவ்வொண்ணா மண்டையில ஏறுச்சு. கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கால்ல செருப்போடவும் ஒரு கால்ல இல்லாமலும் வீட்டுக்கு வந்தார், இன்னொண்ணு எங்கேன்னு கேட்டா குனிஞ்சு பாத்துட்டு அட ஆமாங்கறார், புத்தி எங்கே மேயுதுன்னு நான் திட்டிட்டு விட்டுட்டேன். சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கு, மாத்திரையை ஞாபகம் வந்தா போடுவார், வராட்டி உடம்பு இப்ப நல்லாத்தானே இருக்குங்குவார். தங்கக் காலாம். மரக் காலை வச்சுக்கிட்டுத்தான் மூணு அளவும் அளவா இருக்குன்னு சிரிச்சுக்கிட்டு நின்னிருக்கார், நானும் கூட நின்னு பெருமைப்பட்டிருக்கேன்.

மறுநாள் இழுத்துக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா நல்ல மாதிரி, சின்ன வயசு, உன் வயசுதான் இருக்கும். காயத்தைச் சுத்தம் பண்ணிட்டு, அப்பா கண்ணை மூடிக்கங்க, நான் பாதத்துல தொடும்போதெல்லாம் ம்னு சொல்லுங்கன்னு சொல்லிட்டு, நைலான் நரம்பு மாதிரி ஒண்ணை எடுத்து அங்கங்கே வச்சு அழுத்தினா. உங்க அப்பா ம்ங்கறார். நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். அவ தொடறா, இவர் சும்மா இருக்கார். அவ கையை எடுத்துட்டா, இவர் ம்ங்கறார். அவ எழுதிக்கிட்டு இருக்கா, காலுக்குப் பக்கத்துலயே இல்லை, இவர் ம்ங்கறார். பரிட்சையில தெரியாத கேள்விக்கு விடை எழுதற பிள்ளை மாதிரி நெத்தியெல்லாம் வேர்த்துக்கிட்டு ம் ம்னு சொல்லிக்கிட்டே இருக்கார். நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன், என்னால பாக்க முடியலை. டாக்டரம்மா பொறுமையாச் சொன்னா, சர்க்கரை கால் நரம்பைத் தின்னுக்கிட்டு வருது, போனது திரும்புமான்னு சொல்ல முடியாது, இருக்கறதைக் காப்பாத்தலாம், அந்தப் பூட்ஸுக்குள்ளே காலை விடவே கூடாது, தினமும் யாராவது உள்ளங்காலைப் பாக்கணும், குளிருக்குக் கால்கிட்டச் சூடு வைக்கக் கூடாது, வெந்தாலும் தெரியாதுன்னு. என்ன வேலை பாக்கறீங்க அப்பான்னு கடைசியில கேட்டா. நான்தான் சொன்னேன், ஸ்கூல் வேன் ஓட்டறார்னு. அவ பேனாவைக் கீழே வச்சுட்டா. இனி வேண்டாம்ப்பான்னு மட்டும் சொன்னா.

வீட்டுக்கு வந்து ஒரே ரகளை. அவ என்ன சொல்றது, என் காலைப் பத்தி எனக்குத் தெரியாதா, இன்னிவரைக்கும் ஒரு கீறல் உண்டா என் வண்டியிலன்னு குதிக்கறார். உண்மைதான், கீறல் இல்லை. ஆனா எப்படி ஓட்டுவார்னு உனக்குத் தெரியுமே, செருப்பைக் கழட்டி சீட்டுக்கு அடியில தள்ளிட்டு வெறுங்காலோடதான் பெடலை மிதிப்பார், தோல் பட்டாத்தான் வண்டி பேசும்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவர். அந்தத் தோலுக்கே காது போச்சேங்க, இனி வண்டி பேசினா யாரு கேக்கறதுன்னு நான் சொன்னேன். கண்ணால பாத்து மிதிச்சுக்கறேன்னார். ரோட்டைப் பாப்பீங்களா காலைப் பாப்பீங்களான்னு நான் கத்தினேன், கீழே வரைக்கும் கேட்டிருக்கும், கேக்கட்டும். நானே வேன் முதலாளிகிட்டப் போய்ச் சொல்லிடட்டுமா, சொன்னா என்னைக்கும் என் முகத்துல முழிக்க மாட்டாரே, சொல்லாம விட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா அந்தப் பெத்தவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்னு எனக்கு இருந்த இருப்பு, பூட்ஸ் எங்கே வாங்குறதுன்னு குழம்பினதெல்லாம் ஒரு குழப்பமா.

காலையில பாத்தா வழக்கம்போலக் குளிச்சு, சட்டை மாட்டி, சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். நான் தலையைக்கூட வாராம பின்னாடியே ஓடினேன். வேன் தெருமுனையில நிக்கும்ல, ஏறி உக்காந்து செருப்பைக் கழட்டி உள்ளே தள்ளினார், நான் அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறிட்டேன். இறங்குன்னு சொல்வார்னு பாத்தேன், சொல்லலை. வண்டியை ஸ்டார்ட் பண்ணவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடினார். காலைத் தூக்கி வச்சார். நான் பிரேக்ல வச்சிருக்கேன், சரியான்னு குனிஞ்சு பாருன்னார். குனிஞ்சு பாத்தேன். ஆமான்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், மறைக்கலை உன்கிட்ட, ஒரே ஒரு பொய், அவர் முகம் அப்படி இருந்துச்சு. ஆனா பின்னாடி சீட்டுல யாரோ ஒரு பிள்ளை விட்டுட்டுப் போன தண்ணி பாட்டில் கிடந்துச்சு, அதைப் பாத்துட்டேன். இல்லைங்க, அது ஆக்சிலேட்டர்னேன். மறுபடியும் காலை எடுத்து வச்சார், இப்பன்னார். ரெண்டுக்கும் நடுவுல இருக்குங்கன்னேன். மூணாவது தடவை என்னைக் கேக்கலை, தானே கண்ணைத் திறந்து பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் சாவியை உருவி என் மடியில வச்சுட்டு, முதலாளிக்குப் போன் போட்டு, கால் சரியில்லை, இன்னிலேர்ந்து வேற ஆளை விடுங்கன்னு அவரே சொல்லிட்டார். சொல்லிட்டு இறங்கி, தினமும் பண்ற மாதிரி துணியை எடுத்து முன்கண்ணாடியை முழுசாத் துடைச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அதுலேர்ந்து ஆள் ஒரு மாதிரி இருக்கார். புது டிரைவர் நம்ம தெரு வழியாத்தான் போறான், முதல் நாள் பால்கனியில நின்னார், பிள்ளைங்க ஜன்னல் வழியாக் கையை ஆட்டினதும் சட்டுனு உள்ளே வந்துட்டார், அப்புறம் அந்த நேரத்துக்குப் பால்கனிக்குப் போறதில்லை. பூட்ஸைத் திருப்பிக் குடுக்கப் போனேன், அடியில ஒரு கீறல் இல்லைதான், உள்ளே ரத்தக் கறைம்மா, எப்படி எடுத்துக்கறதுன்னுட்டார் கடைக்காரர், அவர் சொல்றதும் நியாயம்தானே. உங்க ஊருக்கும் வரலையாம். கையைப் பிடிச்சுக்கிட்டு வருவேன்னு சொல்லிட்டு, அங்கே வந்து முடியாதுன்னு நின்னா குட்டி முகத்தை எப்படிப் பாக்கறது, நீ அவளுக்கு எதையாவது சொல்லி வைங்கறார். டாக்டரம்மா தாராளமாப் போகலாம்னு சொல்லியிருக்கா, அகலமா மெத்துன்னு இருக்கற ஷூ போடணும், ஈரம் ஆகக் கூடாது, சாயங்காலம் சாயங்காலம் காலைப் பாக்கணும், அவ்வளவுதான். ஆனா குளிர் தேசத்துக்கு இந்தக் காலோட அனுப்பறது சரியா, அனுப்பாம இங்கே சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்கார விடறது சரியா, எனக்கு ஒண்ணும் பிடிபடலை.

தினமும் நான்தான் காலைப் பாக்கறேன். முக்காலியில தூக்கி வைக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மெஷின் விளக்கைத் திருப்பி வச்சுக்கிட்டு விரல் இடுக்கெல்லாம் பாக்கறேன். முதல்ல வெக்கப்பட்டார், நீ என்ன என் காலைப் போட்டுத் தைக்கப் போறியான்னார். இப்ப அவரே வந்து நீட்டறார், முடிஞ்சுதான்னு கேக்கறார், ஒண்ணுமில்லை நல்லா இருக்குன்னு நான் சொன்னாத்தான் எழுந்திரிக்கறார். நேத்து அப்படிப் பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் நான் மெதுவாச் சொன்னேன், நீங்க சறுக்க வேண்டாம், மேட்டுக்குக் கீழே நில்லுங்க, அவ தனியா உங்களைப் பாத்து வரட்டும், மேலேர்ந்து கூட வர்றதுக்கு ஒருத்தர் வேணும்னா கீழே நின்னு பிடிக்கறதுக்கும் ஒருத்தர் வேணும்தானேன்னு. அவளுக்கு நிறுத்தத் தெரியாதே, நேரா வந்து என் கால்மேலதான் ஏறுவான்னார். நான் காலை விட்டுட்டு நிமிந்து அவர் முகத்தைப் பாத்தேன். ஏறட்டுமே, எனக்குத் தெரியவா போகுதுன்னு சொல்லிட்டுச் சிரிச்சார் பாரு, இத்தனை நாளைக்கு அப்புறம் சிரிச்சார். நானும் கூடச் சிரிச்சேன், சிரிச்சுட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதேன்.

அதனால நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், பூட்ஸ் அங்கேயும் வேண்டாம் இங்கேயும் வேண்டாம், வாடகைக்கும் வேண்டாம். ரெண்டு டிக்கெட் போடு. உங்க அப்பா காலை உன்கிட்ட நீட்ட மாட்டார், மாப்பிள்ளைகிட்ட செத்தாலும் நீட்ட மாட்டார், அதைப் பாக்கற ஆள் கூடவே வரணும். யூனிபார்மை வேற கடையில தைச்சுக்கட்டும், விமானத்துல வயத்தைக் கலக்கினா கலக்கட்டும், கண்ணை மூடிக்கிட்டு அவர் கையைப் பிடிச்சுக்கறேன், கையில உணர்ச்சி நல்லாத்தான் இருக்கு, நேத்து கிள்ளிப் பாத்துட்டேன், ஆன்னு கத்தினார். அங்கே அகலமான ஷூ எந்தக் கடையில கிடைக்கும்னு மட்டும் விசாரிச்சு வை, போட்டுப் பாக்கும்போது நாம ரெண்டு பேரும் கூட இருந்து உள்ளே கையை விட்டுப் பாத்துத்தான் வாங்கணும், அவர் நல்லா இருக்குன்னு சொல்றதை ஒருத்தரும் நம்ப வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும், அதுதான் எனக்கு எப்பவும். குட்டி அந்த மேட்டுலேர்ந்து விழாம வரணும், விழுந்தா அழுதுட்டு எழுந்திரிக்கட்டும். நீயும் ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாத்துடு, இது குடும்பத்துல வர்றதாம், சாக்குப் போக்குச் சொல்லாதே. கடிதம் வந்ததைப் போன்ல காட்டிக்காதே, ஸ்பீக்கர் போட்டிருக்கும். எப்பப்பா வர்றீங்கன்னு கேளு, வேன் எப்படிப் போகுதுன்னு கேக்காதே. முக்கியமா, கால் வலிக்குதாப்பான்னு மட்டும் வாய் தவறியும் கேட்டுடாதே. ஒரு நாள் காலையில எழுந்து அய்யோ கால் வலிக்குதேன்னு அவர் சொல்ல மாட்டாரான்னுதான் இந்த வீட்டுல ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருக்கோம்.

இப்படிக்கு,
உன் அம்மா